கன்னியா வெந்நீர்க் கிணறுகள்: திருகோணமலையிலிருந்து சென்று நீராடித் திரும்புவதற்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகின்றவர்களில் பலர், கோணேசர் கோயிலையும் நிலாவெளிக் கடற்கரையையும் பார்த்து முடித்த பின், மிஞ்சிய நேரத்தில் கன்னியாவுக்குப் போகிறார்கள். வெயில் ஏறிய பொழுதில், சனக்கூட்டத்தின் நடுவே, மாற்றுடை எதுவும் இல்லாமல் போய் நிற்பதால், ஏழு கிணறுகளையும் எட்டிப் பார்த்து, கையால் நீரைத் தொட்டு, படம் எடுத்துக்கொண்டு சிறிது நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கன்னியா சிறிய இடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பரப்பளவில் அது உண்மையிலேயே சிறிய இடம்தான். ஆனால் கன்னியா பார்த்துவிட்டுப் போகும் இடமன்று. அது நீராடும் இடமாகவும், இறந்தவர்களுக்கான கடனைக் கழிக்கும் தீர்த்தமாகவும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அந்த நோக்கத்தை மனத்தில் வைத்து, நாளின் முதல் வேலையாகக் கன்னியாவை வைத்துக்கொண்டு புறப்படுகின்றவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

புறப்படுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில், அநுராதபுரம் செல்லும் ஏ12 வீதியை அண்டி இருக்கிறது. சதுர வடிவில் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் ஒன்றுக்கொன்று அருகே அமைந்துள்ளன. அவை ஆழமானவை அல்ல. மூன்று, நான்கு அடி ஆழத்தில் அடித்தளம் தெளிவாகத் தெரியும். ஏழு கிணறுகளின் சூடும் ஒரே அளவானதன்று. உடம்புச் சூட்டுக்கு அண்மித்ததாகச் சில கிணறுகளும், 40 பாகை செல்சியஸை ஒட்டியதாகச் சில கிணறுகளும் இருக்கின்றன. இந்த வேறுபாடு சில பாகைகளுக்குள் அடங்கியது என்றாலும், உடம்பில் நீர் படும்போது அது நன்றாகவே உணரப்படும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது பலரும் கேட்கும் கேள்வியாகும். இலங்கையில் எரிமலை கிடையாது. நாட்டின் பெரும்பகுதி 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான உருமாறிய பாறைகளால் ஆனது. பூமிக்குள் இறங்க இறங்க, ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் சராசரியாக 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடிக்கொண்டு போகிறது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, வேறொரு பிளவின் வழியே விரைவாக மேலே வருமானால், ஆறுவதற்கு முன்னரே அது நிலத்தின் மேற்பரப்பை அடைந்துவிடும். இலங்கையின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் கிழக்குத் தாழ்நிலத்தில், புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என்றும் விஜயன் தொகுதி என்றும் பிரித்துக் கூறும் இரு பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டியே காணப்படுவதற்கு, அந்த எல்லைப் பகுதியில் உள்ள முறிவுகளும் பிளவுகளும் காரணமாகக் கொள்ளப்படுகின்றன. மேலே ஏறி வரும் வெந்நீருடன் மேல்மட்டத்து நிலத்தடி நீர் கூடியும் குறைந்தும் கலப்பதால், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே சூடு மாறுபட்டு இருக்கிறது.

கிணறுகளைப் பற்றிய மரபுக் கதை இதைவிடப் பழையது. கன்னியாவுக்குப் போகின்றவர் அதை அறிந்திருந்தால்தான் அங்கே நடப்பவை விளங்கும். தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையைப் பெயர்த்தெடுத்துச் செல்ல இராவணன் முயன்றான் என்றும், அதைத் தடுக்கத் திருமால் முதிய அந்தணர் வடிவில் வந்து தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தியை அவனிடம் கூறினார் என்றும் கதை தொடங்குகிறது. துயரத்தில் மூழ்கிய இராவணன் தாய்க்குரிய கிரியைகளைச் செய்ய முற்பட்டபோது, அதற்கு வேண்டிய நீருக்காக நிலத்தில் ஏழு இடங்களில் குத்தியதால் ஏழு ஊற்றுகள் எழுந்தன என்பர். குத்தியது இராவணனின் வாள் என்று சிலரும், அந்தணரின் தடி என்று வேறு சிலரும் சொல்லுவார்கள். எந்த வடிவத்தில் கேட்டாலும், ஒரு மகன் தாய்க்குச் செய்த இறுதிக் கடனிலிருந்தே இந்த நீர் பிறந்தது என்ற கருத்து மாறுவதில்லை. திருகோணமலைச் சைவர்கள் அந்தியேட்டி எனப்படும் 31ஆம் நாள் கிரியைக்கு இங்கே வருவதன் வேர் அதுவாகும்.

அறிவியல் உலகிலும் இந்தக் கிணறுகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிய இயற்கையியலாளர் குவியேயும் வலென்சியனும், கன்னியா வெந்நீரூற்றுகளில் பிடிக்கப்பட்டதாகத் தமக்குக் கிடைத்த மீன்களை விவரித்து, வெப்பத்தைக் குறிக்கும் பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். இலங்கைக்கே உரிய சிறு நன்னீர் மீன் ஒன்று இன்றும் எசோமஸ் தெர்மோயிக்கோஸ் என்றே அழைக்கப்படுகிறது. திருகோணமலைப் பாடசாலை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்பது எனது எண்ணம்.

நாளையும் பொழுதையும் தெரிவு செய்தல்

திருகோணமலைக்கு மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் மாதத்தில் தொடங்கும் மழை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வலுத்து, ஜனவரியில் தணியும். மே முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். இந்தக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்தையும் உடம்பையும் காய வைத்துவிடும். கடலில் குளிக்க விரும்புவோருக்கு இந்த வறண்ட காலமே உகந்தது. வெந்நீரில் நீராட விரும்புவோருக்கு அப்படியல்ல. என்னைக் கேட்டால், மழை ஓய்ந்து, காலையில் இன்னும் பனி இருக்கும் ஜனவரி இறுதியும் பெப்ரவரியுமே கன்னியாவுக்கு மிகப் பொருத்தமான காலம் என்பேன். வெளியே குளிரும்போது வாளி நீரிலிருந்து ஆவி எழுவதைக் காணலாம். உடம்பும் அந்தச் சூட்டை விரும்பி ஏற்கும்.

எந்த மாதத்தில் போனாலும் அதிகாலையே சிறந்த பொழுது. காலை எட்டு மணிக்குள் நீராடி முடித்துவிட்டால் வெயிலும் தொந்தரவு செய்யாது. தொலைவிடங்களிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகளும் அப்போது வந்து சேர்ந்திரா. நண்பகலில் வெயிலின் கீழ் நின்று 40 பாகை நீரைத் தலையில் ஊற்றுவது இன்பம் தருவதில்லை. சிலருக்குத் தலைச்சுற்றும் வரும். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களையும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களையும், ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறைக் காலத்து வார இறுதிகளையும் தவிர்த்துக்கொள்வது நல்லது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருகின்றவர்களால் இடம் நிறைந்திருக்கும் என்பதால், கடன் கழிக்கும் நோக்கம் இல்லாதவர்கள் அன்று அவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கியிருப்பதே முறை.

திருகோணமலை வரை

கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் ஏ6 வீதியே வழமையான பாதையாகும். கொழும்பு கோட்டையிலிருந்து கல்லோயா சந்தி வழியாகத் திருகோணமலைக்கு இரவுப் புகையிரதமும் உண்டு. அதில் வருவோர் விடியற்காலையில் நகரை அடைந்து, நேரே கன்னியாவுக்குப் போய்விடலாம் என்பதால், நீராடலை நோக்கமாகக் கொண்டவர்களுக்கு அது பேருந்தைவிட வசதியானது. நேர அட்டவணை மாறக்கூடியது. புறப்படுவதற்கு முன் புகையிரத நிலையத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் பகுதிகளிலிருந்து வருவோர் வவுனியாவை அடைந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏ12 வீதியில் ஏறுவார்கள். இவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: திருகோணமலை நகரை அடைவதற்கு முன்னரே கன்னியாச் சந்தி வந்துவிடும். சொந்த வாகனத்தில் வருகின்ற குடும்பங்கள் அதிகாலையில் வந்து சேரும்படி புறப்பட்டு, முதலில் நீராடிவிட்டு நகருக்குள் போகலாம். பேருந்தில் வருவோர் பயணப் பொதிகளுடன் இறங்கி நிற்பது சிரமமாக இருக்கும் என்பதால், நகரில் தங்குமிடத்தில் பொதிகளை வைத்துவிட்டுத் திரும்பி வருவதே நல்லது.

மட்டக்களப்பிலிருந்து வருவோர் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக ஏ15 வீதியில் வருவார்கள். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. கிண்ணியா வேறு, கன்னியா வேறு என்பதை வெளியூரவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிண்ணியா நகருக்குத் தெற்கே, குடாவுக்கு அப்பால் உள்ள பெரிய ஊர்; கன்னியா நகருக்கு வடமேற்கே உள்ள வெந்நீர்க் கிணற்றடி. பேருந்து நடத்துநரிடம் கேட்கும்போது "வெந்நீர்க் கிணத்தடி" என்று சேர்த்துச் சொன்னால் தவறான பேருந்தில் ஏற நேராது.

தங்குவதற்கு நகரிலும், வடக்கே உப்புவெளியிலும், இன்னும் வடக்கே நிலாவெளியிலும் எல்லா வசதிக்கும் ஏற்ற இடங்கள் உண்டு. கன்னியாவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் போக விரும்புகின்றவர்கள் நகரிலோ உப்புவெளியிலோ தங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

நகரிலிருந்து கன்னியாவுக்கு

திருகோணமலை மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா, அநுராதபுரம் செல்லும் பேருந்துகள் ஏ12 வீதியில் கன்னியாச் சந்தியைக் கடந்து போகின்றன. சந்தியில் இறங்கிக் கிளை வீதியால் நடந்தே கிணற்றடியை அடையலாம். வயோதிபரும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்கு நகரிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்துப் போவதே வசதி. அவ்வாறு போகும்போது, காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதையும் சேர்த்துக் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அதிகாலையில் கன்னியாவில் திரும்பும் வண்டி கிடைப்பது உறுதியில்லை; ஈரத்தலையுடன் முதியவர்களைச் சந்தி வரை நடக்க வைக்கக்கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

நீராடுவதற்கென ஒரு தொகுதி உடையும், மாற்றுவதற்கென ஒரு தொகுதியும் வேண்டும். ஆண்கள் சாரத்துடனும், பெண்கள் குறுக்குக்கட்டுடன் அல்லது முழு உடையுடன் நீராடுவதே இங்குள்ள வழக்கம். துவாய், ஈர உடைகளைப் போட்டுக்கொள்ள ஒரு பை, வழுக்காத றப்பர் செருப்பு, குடிநீர்ப் போத்தல் ஆகியவற்றை மறக்கக்கூடாது. நீர் அள்ளச் சொந்தமாக ஒரு சிறிய வாளி கொண்டு போவது மிகவும் உதவும். சனம் கூடிய நாட்களில் அங்குள்ள வாளிகளுக்காகக் காத்து நிற்க வேண்டி வரும். நுழைவுச்சீட்டுக்குச் சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கும். புலம்பெயர்ந்து வாழும் உறவினரை அழைத்துச் செல்லும்போது இதை எண்ணிக்கொள்ள வேண்டும். நகைகளையும் விலை கூடிய பொருட்களையும் தங்குமிடத்திலேயே விட்டு வருவது நல்லது.

சவர்க்காரம், ஷாம்பு, எண்ணெய் எதையும் எடுத்துச் செல்லவே கூடாது. ஊற்று நீர் மெதுவாகவே ஊறி வருகிறது. சிந்துகின்ற நுரை மீண்டும் கிணற்றுக்குள் போனால் அடுத்து வருகின்றவர் அதில்தான் நீராட வேண்டியிருக்கும்.

வளாகத்தினுள்

கிணறுகளும் அவற்றைச் சூழ்ந்த இடிபாடுகளும் தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. செங்கல் எச்சங்களின் மீது ஏறக்கூடாது, எதையும் பெயர்த்தெடுக்கக்கூடாது. இடத்தின் வரலாறு குறித்து மக்களிடையே ஆழ்ந்த கருத்து வேறுபாடு நிலவுவதையும் செல்பவர் அறிந்திருக்க வேண்டும். கிணறுகளை அண்டிய பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த இடத்தில் பௌத்த கட்டுமானம் அமைக்கப்படுவதற்கு எதிராக, 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழ் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பித்தது. அங்குள்ள அறிவிப்புப் பலகைகள் சொல்லும் வரலாற்றோடு, இந்த நீரைத் தமது முன்னோர்களுக்கான தீர்த்தமாகக் கொண்டு வந்த மக்களின் நினைவையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்வது பெற்றோரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த உரையாடலைக் கிணற்றடியில் வாக்குவாதமாக ஆக்காமல், வீட்டில் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது மேல்.

படம் எடுக்கின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீராடிக்கொண்டிருப்பவர்கள், சிறப்பாகப் பெண்கள், படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வேட்டியுடன், தலை மழித்து, துயரத்தோடு நிற்கும் குடும்பத்தைப் படம் பிடிப்பது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

நீராடும் முறை

முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏழு கிணறுகளின் நீரையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எது இளஞ்சூடு, எது கூடிய சூடு என்பது அப்போது தெரிந்துவிடும். கிணற்றுக்குள் இறங்குவதோ, விளிம்பில் அமர்ந்து காலைத் தொங்கவிடுவதோ கூடாது. வாளியால் அள்ளி, கிணற்றிலிருந்து சற்று விலகி நின்று, அழுக்கு நீர் திரும்பிக் கிணற்றுக்குள் வழியாதபடி ஊற்றிக்கொள்ள வேண்டும். தரை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால், வாளியைத் தூக்கியபடி திரும்பும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

இளஞ்சூடான கிணற்றில் தொடங்குங்கள். முதல் வாளியைக் காலில் ஊற்றுங்கள். அடுத்ததை முழங்காலுக்கும் இடுப்புக்கும், அதற்கடுத்ததைத் தோளுக்கும் ஊற்றிவிட்டு, உடம்பு சூட்டுக்குப் பழகிய பின்னரே தலைக்கு ஊற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் கூடிய சூட்டு நீரைத் தலையில் ஊற்றினால் மூச்சு ஒரு கணம் அடைத்துப் போகும். முதியவர்களுக்கு அது நல்லதன்று. ஒரு கிணற்றில் சில வாளிகள் ஊற்றிக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்து, ஏழிலும் நீராடுவது மரபு. ஏழையும் முடிக்க வேண்டும் என்பதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் இடையில் சற்று நின்று ஆறுதலாக நீராடினால், தோளிலும் முதுகிலும் உள்ள இறுக்கம் படிப்படியாகத் தளர்வதை உணரலாம். நெடுந்தூரம் பேருந்தில் இருந்து வந்தவர்களுக்கு இதுவே கன்னியா தரும் பெரிய ஆறுதல்.

பிள்ளைகளுக்குப் பெரியவரே அளவாக ஊற்றிவிட வேண்டும். அவர்களுடைய தோல் மென்மையானது. கைக்குழந்தைகளை நீராட்டுவதைத் தவிர்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவது போதும்.

இந்த நீரைக் குடிக்கக்கூடாது. பலரும் கை விட்டு அள்ளும் திறந்த கிணறு என்பது ஒரு காரணம். ஆழ்பாறைகளுக்கிடையே ஓடி வரும் இத்தகைய நீரில் ஃபுளோரைட்டு போன்ற கனிமங்கள் கரைந்திருக்க வாய்ப்புண்டு என்பது மற்றொரு காரணம். தீர்த்தமாகச் சிறிதளவு உதட்டில் தொட்டுக்கொள்ளும் வழக்கம் வேறு, போத்தலில் நிரப்பிக் குடிநீராகக் கொண்டு போவது வேறு.

உடல்நலம் பற்றிச் சில எச்சரிக்கைகள்

கன்னியா நீர் தோல் வியாதிகளையும் மூட்டு வாதத்தையும் போக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இளஞ்சூடான நீர் தசைகளைத் தளர்த்தி, மூட்டு விறைப்பைச் சிறிது நேரத்துக்குக் குறைக்கும் என்பது உண்மை. அது வைத்தியத்துக்கு மாற்றாகாது. மருந்து உட்கொள்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு இங்கே வரக்கூடாது. இருதய நோய் உள்ளவர்களும், குருதி அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் கூடிய சூட்டு நீரைத் தவிர்க்க வேண்டும். சூடு பட்டதும் குருதிக் குழாய்கள் விரிந்து அழுத்தம் திடீரெனக் குறைவதால் மயக்கம் வரலாம். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், தாமே சூட்டைச் சோதிக்காமல், உடன் வந்தவரின் கையால் சோதித்த பின்னரே காலில் ஊற்ற வேண்டும். திறந்த புண் உள்ளவர்கள் தம் நலனுக்காகவும் மற்றவர் நலனுக்காகவும் நீராடாமல் இருப்பது நல்லது.

அந்தியேட்டிக்கும் பிதிர்க்கடனுக்கும் வருவோருக்கு

யாழ்ப்பாணத்தவருக்குக் கீரிமலை எப்படியோ, திருகோணமலைச் சைவர்களுக்குக் கன்னியா அப்படி. இறந்தவரின் 31ஆம் நாளில் செய்யப்படும் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகக் குடும்பங்கள் இங்கே கூடுகின்றன. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருந்து பிதிர்க்கடன் செய்வது ஈழத்துச் சைவ வழக்கம். தாய்க்குக் கடன் செய்ய எழுந்த நீர் என்ற கதை, சித்திரா பௌர்ணமியன்று இங்கே வருகின்றவர்களுக்கு மிக நெருக்கமானதாக இருக்கும்.

இந்த நோக்கத்துடன் வருகின்ற குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, கிரியைகளை நடத்தும் குருக்களைச் சில நாட்களுக்கு முன்னரே சந்தித்து நாளையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வதாகும். இறந்தவரின் பெயர், நட்சத்திரம், திதி, கடன் செய்பவரின் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். துயரத்திலும் களைப்பிலும் இவை நினைவுக்கு வராமல் போவது இயல்பு. தர்ப்பை, எள், பச்சையரிசி, வாழையிலை, பூ, பழம், தேங்காய், கற்பூரம் முதலியவற்றில் எதைக் குருக்கள் கொண்டு வருவார், எதை வீட்டார் கொண்டு போக வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். எந்த இடத்தில் அமர்ந்து கிரியை செய்யலாம், எங்கே தீ மூட்டலாம் என்பது பற்றியும் குருக்களிடமும் வாயிலில் உள்ள அலுவலரிடமும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம். அன்று காலையில் போய் நின்று விவாதிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. பிண்டத்தையும் பூவையும் எள்ளையும் கிணற்றுக்குள் இடக்கூடாது. அவற்றைக் குருக்கள் சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும். அஸ்தி கரைப்பது கடலில் செய்ய வேண்டியது. பொலித்தீன் பைகளைத் திரும்ப எடுத்து வரும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் கிணற்றடி துப்புரவாக இருக்கும்.

நீராடிய பின்

தலையை நன்றாகத் துவட்டி, உடை மாற்றி, சிறிது நேரம் நிழலில் அமர்ந்த பின்னரே புறப்பட வேண்டும். சூட்டு நீரில் நின்றதால் வியர்வை தொடர்ந்து வடியும். தண்ணீரோ இளநீரோ குடிப்பது நல்லது. காலை உணவை நீராடலுக்குப் பின் வைத்துக்கொள்வது சிறந்தது. நகருக்குத் திரும்பி, இடியப்பமும் சொதியும் சம்பலுமாகச் சூடாகச் சாப்பிடலாம்.

கன்னியாவின் கதை கோணேசர் மலையில் தொடங்குவதால், அன்றே கோணேசர் கோயிலுக்கும் போவது பொருத்தமானது. அந்தியேட்டி செய்தவர்கள் மட்டும், எப்போது கோயிலுக்குப் போகலாம் என்பதைத் தம் குருக்களிடம் கேட்டு நடக்க வேண்டும். கோயிலுக்குச் செல்லும் பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்தே போகிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய இந்தத் தலத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 1950ஆம் ஆண்டு, கோயிலுக்கு அண்மையில் கிணறு தோண்டும்போது புதைந்து கிடந்த பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. மீள எழுப்பப்பட்ட கோயிலுக்கு 1963ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தது. கோயிலின் அருகே, கடலை நோக்கிச் செங்குத்தாகப் பிளந்து நிற்கும் பாறையே இராவணன் வெட்டு. மலையைப் பெயர்க்க இராவணன் வாளால் வெட்டிய இடம் அது என்பர். காலையில் கன்னியாவில் நீராடிய பிள்ளைகளை அங்கே நிறுத்தி, கதையின் முற்பகுதியைச் சொன்னால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும் என்பதால், கன்னியாவிலிருந்து காலை ஒன்பது மணியளவில் திரும்பிவிடுவது நல்லது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு உணவு கொடுக்க வேண்டாம். பொலித்தீனில் சுற்றிய தின்பண்டங்களை அவை பையோடு தின்றுவிடுகின்றன.

வெந்நீரூற்றுகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, இதே மாவட்டத்தில் கோமரங்கடவலைப் பக்கத்தில் ரங்கிரியவிலும், அம்பாறை மாவட்டத்தின் மகாஓயாவிலும், தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மகாபெலஸ்ஸவிலும் ஊற்றுகள் உள்ளன. அவற்றுள் மகாஓயாவே மிகவும் சூடானது. அங்குள்ள சில ஊற்றுகளின் வெப்பம் 50 பாகையைத் தாண்டுகிறது. அந்த நீரை அள்ளிய உடனே ஊற்றிக்கொள்ளக் கூடாது. வாளியில் ஆறவிட்டோ குளிர்ந்த நீர் கலந்தோதான் பயன்படுத்த வேண்டும் என்பதால், பிள்ளைகளையும் முதியவர்களையும் முதன்முதலில் வெந்நீரூற்றுக்குக் கூட்டிச் செல்ல நினைப்பவர்கள் கன்னியாவையே தெரிவு செய்யலாம்.